குளத்தின் அடியைப் பார்க்கும் கேமரா

2005 ஆகஸ்ட் மாதம், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள பாங்கர் நகர நீச்சல் குளத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மூழ்கினாள். அந்த இடத்தில் ஆழம் 3.8 மீட்டர். அவள் அடியில் அசையாமல் கிடப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு கணினி. எச்சரிக்கை வந்ததும் உயிர்காப்பாளர் குதித்து அவளை மேலே கொண்டுவந்தார், சிறுமி பிழைத்தாள். 65,000 பவுண்டு செலவில் அங்கே பொருத்தியிருந்த அமைப்பின் பெயர் ‘பொசைடன்’. அதே அமைப்பு 2000 நவம்பரில் பிரான்ஸின் ஆன்செனி நகரக் குளத்தில் 18 வயது இளைஞர் ஒருவரைக் காப்பாற்றவும் உதவியிருந்தது.

உயிர்காப்பாளர் இருக்கும்போது கேமரா எதற்கு என்று கேட்கலாம். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சலிடுவார் என்ற சினிமாக் காட்சிதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, மீட்புகளைப் படமெடுத்து ஆராய்ந்து, நடப்பது வேறு என்று காட்டினார். வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போவதும் மேலே வருவதுமாக இருக்கும்; மேலே வரும் கணத்தில் மூச்சை விட்டு இழுக்கவே நேரம் போதாது, குரல் எப்படி வரும்? கைகள் பக்கவாட்டில் நீண்டு தண்ணீரைக் கீழே அழுத்தும். அவற்றைத் தூக்கி ஆட்ட முடியாது. இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடி வரைதான் என்கிறார் பியா. பிறகு உடல் அடியில் போய்விடும்.

அடியில் போன உடலை மேலிருந்து பார்ப்பது இன்னும் கடினம். உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தண்ணீரில் முதலில் தெரிவது வெளிச்சத்தின் பளபளப்பு. அலை எழும்பினால் அடியில் பதித்த கோடுகளே நெளிந்து உடைகின்றன. அங்கே ஒரு குழந்தை கிடந்தால் கலங்கலான நிழல்போலத்தான் தெரியும். மணிக்கணக்கில் ஒரே நீரைப் பார்த்துக் களைத்த கண் அதைத் தாண்டிப் போய்விடுவதில் வியப்பில்லை. இதை அலட்சியம் என்று மட்டும் சொல்லி முடிப்பது அந்த வேலை செய்பவர்களுக்கு நியாயமாகாது.

கணினிப் பார்வை கைகொடுப்பது இந்த இடத்தில்தான். சுவரில் நீருக்கடியிலும், கூரையிலும் கேமராக்கள் பொருத்தப்படுகின்றன. மென்பொருள் வெறும் குளத்தின் தோற்றத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதிலிருந்து மாறுபடும் உருவங்களைப் பிரித்தெடுக்கிறது. ஒவ்வோர் உருவத்தையும் அடுத்தடுத்த படங்களில் தொடர்கிறது. ஓர் உருவம் ஆழத்தில் தங்கி, குறிப்பிட்ட விநாடிகளுக்கு மேல் அசையாமல் இருந்தால் எச்சரிக்கை ஒலிக்கும். குளத்தின் எந்த மூலை என்பதும் உயிர்காப்பாளரின் திரையில் தெரியும். அதாவது, பெரும்பாலான அமைப்புகள் மூழ்கும் போராட்டத்தைக் கண்டுபிடிப்பதில்லை. அதற்கு அடுத்த கட்டத்தையே பிடிக்கின்றன. போராட்டத்தையே அடையாளம் காணப் புதிய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் முயல்கின்றன. ஆனால், அதைக் கற்பிக்க உண்மையான மூழ்கல் காட்சிகள் நிறைய வேண்டும். அவை அரிது, எனவே நடித்துக் காட்டிய காட்சிகளையும் பொம்மைகளையும் வைத்துப் பயிற்சி தரவேண்டியிருக்கிறது. ஆட்டம் போடும் சிறுவனும் தத்தளிக்கும் சிறுவனும் சில விநாடிகளுக்கு ஒரே மாதிரி தெரிவது இன்னொரு சிக்கல்.

கூட்டம் நெருக்கினால் ஒருவர் மற்றவரை மறைப்பார். மூச்சடக்கி அடியில் உட்கார்ந்து விளையாடுகிறவர் பொய் எச்சரிக்கை எழுப்புவார். அடிக்கடி வீணாக ஒலிக்கும் மணியை நாளடைவில் யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. இத்தகைய அமைப்புகளுக்கான பாதுகாப்புத் தேவைகளையும் சோதனை முறைகளையும் வகுத்து, 2017-இல் ஐஎஸ்ஓ 20380 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. குளம் கட்டுகிறவர்கள் விளம்பரப் படத்தை நம்பாமல், இந்தத் தரநிலைப்படி தங்கள் குளத்திலேயே சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சிங்கப்பூர் இந்தக் கேமரா அமைப்பை அரசு முயற்சியாகவே எடுத்துக்கொண்டது. ஹவ்காங் நீச்சல் வளாகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றப் பொதுக் குளங்களுக்கும் விரிவாக்கியது. அங்கே உயிர்காப்பாளர்களின் வேலையை இந்த அமைப்பு பறித்துவிடவில்லை. அவர்களுக்குக் கூடுதல் கண்ணாகவே நிற்கிறது.

அப்படி நிற்பதுதான் சரி. பிராணவாயு இல்லாமல் சில நிமிடங்கள் போனாலே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். கேமரா மிச்சப்படுத்தித் தரும் நேரம் பயன்பட வேண்டுமானால், அடியில் கிடப்பவரைத் தூக்கவும், கரையில் கிடத்தியதும் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதவும், நெஞ்சை அழுத்தவும் பழகிய ஒருவர் குளக்கரையில் இருந்தாக வேண்டும். உயிர்காப்பாளர் சம்பளத்தை மிச்சப்படுத்தும் கருவியாக நினைத்து இதை வாங்கும் குடியிருப்புச் சங்கமோ ஓட்டலோ, எச்சரிக்கை ஒலித்ததும் தண்ணீரில் குதிக்கப்போவது யார் என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.