உணவுப் பொருள் வாங்குவோரின் உரிமை

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது வேலந்தாவளம். எல்லையின் ஒரு புறத்தில் விளைந்த அல்லது தயாரிக்கப்பட்ட பொருள் மறுபுறத்தில் விற்கப்படுவது இத்தகைய ஊர்களில் இயல்பு. அப்பொருளின் தரத்திற்கு எம்மாநிலச் சட்டம் பொருந்தும் என்ற ஐயம் எழ வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்திற்குப் பதிலாக வந்துள்ள, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவானது.

பொட்டலப் பொருள்களில் 14 இலக்க உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்த்து வாங்கலாம். சில்லறையாக அளந்து விற்கப்படும் எண்ணெய், மிளகாய்த்தூள் போன்றவற்றில் இவ்விவரங்கள் இருப்பதில்லை. கலப்படமும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பிரமதண்டு விதை கடுகைப் போன்றே தோன்றும். அதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு 1998இல் தில்லியில் பலர் உயிரிழந்தனர்.

எனவே சோதனை இன்றியமையாததாகிறது. சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, பொருள் வாங்குவோர் தாமே கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடமிருந்து அறிக்கை பெறலாம். பொருள் சட்டத்திற்கு இணங்கவில்லையெனில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால், சோதனைக்கு அனுப்பும் எண்ணத்தை வாங்கும்போதே வணிகரிடம் தெரிவித்தல் வேண்டும். அவ்வாறு கூறத் தயங்குவோர், ரசீதுடன் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். சிறு தொகைக்காயினும் ரசீது கேட்டுப் பெறுவது இதனாலேயே பயனுடையதாகும்.