சிறுநீரக நோயாளிக்கு ஓர் எக்ஸெல் ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் தொகுப்பினைப் பெரும்பாலும் வரவு செலவுக் கணக்கிற்கே பயன்படுத்துவார்கள். வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால், அதைவிட முக்கியமான கணக்கு ஒன்றையும் இதில் போடலாம். உணவில் உள்ள சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கணக்குதான் அது. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதனை அமைக்கலாம்.

பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தால் இந்தத் தாதுக்களைப் போதிய அளவு வெளியேற்ற முடியாமல் போகலாம். சோடியம் கூடினால் வீக்கமும் ரத்த அழுத்தமும் கூடும். பாஸ்பரஸ் கூடினால் எலும்பு பலவீனமாகும். பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதற்கு முன் அறிகுறி எதுவும் தெரியாமலும் இருக்கலாம். ஒருவருக்கு எவ்வளவு அனுமதி என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிலருக்குப் பொட்டாசியம் கட்டுப்பாடே தேவைப்படாது.

ஷீட் அமைக்கும் வழி

முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை அமைத்திடவும். ஏ நெட்டு வரிசையில் உணவின் பெயர். பி-யில் சாப்பிட்ட எடை (கிராமில்). சி, டி, இ ஆகியவற்றில் 100 கிராம் உணவில் உள்ள சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் (மில்லிகிராமில்). எப், ஜி, எச் ஆகியவை சாப்பிட்ட அளவிற்கான விடைகள்.

எப்2 செல்லில் =$பி2*சி2/100 என்ற பார்முலாவை, ஆங்கில எழுத்துக்களில், டைப் செய்து என்டர் தட்டவும். டாலர் அடையாளம், பார்முலாவை நகர்த்தினாலும் எடை உள்ள நெட்டு வரிசை மாறாமல் காக்கும். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய கட்டத்தை மவுஸால் பிடித்து எச்2 வரை இழுக்கவும். பின் மூன்றையும் சேர்த்து 20வது வரிசை வரை கீழே இழுக்கவும். எப்2 முதல் எச்20 வரை தேர்ந்தெடுத்து ஆட்டோசம் பட்டனில் கிளிக் செய்தால், 21வது வரிசையில் மொத்தம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 100 கிராம் வாழைப்பழத்தில் பொட்டாசியம் சுமார் 358 மில்லிகிராம். தோல் நீக்கி 120 கிராம் சாப்பிட்டால் விடை 429.6 என வரும்.

காலி செல் ஏமாற்றும்

இங்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. ஓர் உணவின் பொட்டாசியம் அளவு தெரியவில்லை என்று செல்லைக் காலியாக விட்டால், எக்ஸெல் அதனைப் பூஜ்யமாக எடுத்துக் கொள்ளும். மொத்தம் குறைவாகத் தெரியும். நோயாளியும் தைரியமாக இன்னொரு பழம் சாப்பிடுவார். எனவே தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறியை டைப் செய்திடவும். உடனே அந்த விடையிலும் மொத்தத்திலும் #வேல்யூ! என்ற பிழைச் செய்தி வரும். இது நமக்கு நன்மையே. அளவு கிடைக்கும் வரை மொத்தத்தை நம்பக் கூடாது என்று ஷீட்டே சொல்கிறது.

அளவுகளை எங்கே எடுப்பது?

நம் உணவு வகைகளுக்கு, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையைப் பார்க்கலாம். அமெரிக்க வேளாண் துறையின் புட்டேட்டா சென்ட்ரல் தளமும் இலவசம். சாம்பார் போன்றவற்றைப் பருப்பு, தக்காளி, உப்பு எனத் தனித்தனி வரிசைகளாகப் பிரித்து எழுதவும். 1 கிராம் உப்பில் சுமார் 390 மில்லிகிராம் சோடியம் உண்டு.

பாக்கெட் உணவுகளில் கூடுதல் கவனம் தேவை. இந்திய லேபிளில் சோடியம் கட்டாயம். பொட்டாசியமும் பாஸ்பரஸும் கட்டாயமில்லை. சேர்மானப் பட்டியலில் 338 முதல் 341 வரையிலான எண்களோ 450, 451, 452 என்ற எண்களோ இருந்தால் பாஸ்பேட் சேர்க்கப்பட்டுள்ளது என்று பொருள். அந்த உணவிற்குப் பாஸ்பரஸ் இடத்தில் கேள்விக்குறியே போடவும். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுபவை பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டாக்டரைக் கேட்காமல் அவற்றை வாங்க வேண்டாம்.

ஷீட்டின் பெயரில் ரைட் கிளிக் செய்து நகல் எடுத்தால், ஒவ்வொரு நாளுக்கும் தனி ஷீட் கிடைக்கும். அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது பிரிண்ட் எடுத்துச் செல்லுங்கள். ஷீட்டை மட்டும் பார்த்து மருந்தையோ உணவையோ நீங்களாக மாற்ற வேண்டாம்.