எட்டயபுரத்துக்காரர் இடுப்பில் .38 செருகலாமா? தெரியுமா?

தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி! எந்த காலிபர் (குழாயின் உள் அகலம்), எந்தத் தோட்டா என்று யோசிக்கிறீர்களா? உங்களுக்கு அந்த வேலையே இல்லை! 9 மி.மீ.? கூடாது! .38? கூடாது! .455? ஊஹும்! சாதாரண லைசென்ஸுக்கு இவையெல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். ராணுவத் தோட்டா வெளியாள் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாதாம்! ரிவால்வர் என்றால் பெரும்பாலும் மிஞ்சுவது .32 தான்!

இந்தக் கெடுபிடி எவ்வளவு பழசு தெரியுமா? கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799-ல். அவர் தம்பி ஊமைத்துரையையும் அடக்கிய கையோடு, 1801 டிசம்பர் 1-ம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பிரகடனம் போட்டது: தென் பாளையங்களில் அனுமதியில்லாமல் ஆயுதம் கூடாது! 1878 ஆயுதச் சட்டம் வந்ததோ அதற்கும் 77 வருஷம் கழித்து!

இங்கே போட்ட தடையால் லண்டனில் புதுத் தோட்டாக்கள் பிறந்த கதை தெரியுமா? கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில் இந்தியாவில் .450 தோட்டாவைத் தடுத்தார்கள். யானை வேட்டைத் துரைமார்கள் விடுவார்களா? துப்பாக்கி செய்கிறவர்கள் .465, .470 என்று புதுசு புதுசாகச் செய்து அனுப்பினார்கள்!

.38 குண்டின் நிஜ அகலம் .38 அங்குலமா? இல்லவே இல்லை! .357 தான்! 9 மி.மீ. குண்டு? .355! வித்தியாசம் மயிரிழை! நம் .32? அதுவும் .312 தான்! பெயரை நம்பித் தோட்டா வாங்க முடியுமா, சொல்லுங்கள்!

1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். கலெக்டர் ஆஷ் மீது வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியம் பிரௌனிங் கைத்துப்பாக்கியால்! சுடக் கற்றுக்கொடுத்தவர் புதுச்சேரியில் இருந்த வ.வே.சு. ஐயர். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியும் அப்போது அதே ஊரில்! 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சாய்த்து உலகப் போரைக் கிளப்பியதும் பெல்ஜியம் பிரௌனிங்தான்!

பட்டதும் விரியும் 'டம்டம்' குண்டு எந்த நாட்டுச் சரக்கு? நம் கொல்கத்தா டம்டம் தொழிற்சாலைச் சரக்கு! 1899-ல் ஹேக் மாநாடு போரில் அதைத் தடுத்தது. ஆனால் பல நாட்டுப் போலீஸ் இன்றும் விரியும் குண்டைத்தான் போடுகிறது!

கோவில்பட்டி தீக்குச்சித் தலையில் இருக்கிறதே பொட்டாசியம் குளோரேட்? பழைய தோட்டாவின் அடியில் நெருப்புப் பொறி தந்ததும் அதுதான்! சுட்டபின் உப்பு தங்கி, குழாயையே துரு தின்றுவிடும்!

2014-ல் பெண்களுக்காகக் கான்பூரில் வந்த 'நிர்பீக்' ரிவால்வர்: .32 காலிபர், 500 கிராம், அப்போதைய விலை 1.22 லட்சம் ரூபாய்! அந்தக் காசுக்கு எத்தனை பேர் வாங்க முடியும்?

லைசென்ஸ் துப்பாக்கி வீட்டில் இருக்கிறதா? தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரலாம். கொடுத்துவிட்டு, ரசீது வாங்க மறக்காதீர்கள்!