இணையப் பக்கமும் இடைச்செருகலும்

ஓலைச்சுவடியில் பிறர் புகுத்திய பகுதியை இடைச்செருகல் என்கிறோம். இணையத்தளத்தை அயலார் மாற்றி எழுதுவதும் அத்தகையதே. பள்ளித் தளமாயின், அப்பொய்வரியையும் மாணவர் ஆசிரியர் சொல்லாகவே ஏற்பர்.

கடவுச்சொல் இன்றியே பக்கங்களைத் திருத்த இடமளித்த ஒரு குறையை, வேர்ட்பிரஸ் மென்பொருள் 2017 ஜனவரி 26 அன்று தன் 4.7.2 பதிப்பில் களைந்தது. தளங்கள் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் தந்து, பிப்ரவரி 1 அன்றே அக்குறையை வெளியிட்டது. அதன்பின்னும் காலந்தாழ்த்திய தளங்களில் இலட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன.

ஆகவே, தளத்தைப் பேணுவோர் மென்பொருளை உடனுக்குடன் புதுப்பித்தல் வேண்டும். திருத்தும் உரிமையைச் சிலருக்கே அளித்தல் வேண்டும். தூய படியொன்றை வேறிடத்தில் காத்து, நாள்தோறும் ஒப்புநோக்குதல் வேண்டும். மூலப்படி இருந்தால்தான் இடைச்செருகலைக் கண்டறிந்து நீக்க இயலும்.