பதிவுக்கோப்புப் பகுப்பாய்வுச் செருகுநிரல்களில் தமிழ்ச் சொற்களைக் கையாளுதல்

‘மதுரை’ என்னும் சொல் தமிழர் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு முறையில் அது ஐந்து குறியெண்கள். யூடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டுகள். மின்னூலகம் ஒன்றில் அச்சொல்லைத் தேடும் வாசகரின் கோரிக்கையை உலாவி அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் கூடிய மூன்று குறிகளாக மாறுகிறது. சேவையகத்தின் பதிவுக்கோப்பில் 45 குறிகளே எஞ்சுகின்றன. மதுரைக் கல்லூரி நூலகம் ஒன்று தன் மின்தொகுப்பில் எந்த ஊர்ப்பெயர் மிகுதியாகத் தேடப்படுகிறது என அறிய விரும்பினால், அக்குறிகளை மீண்டும் சொல்லாக்க வேண்டும். அதற்கான செருகுநிரலை எழுதும் முறையை லாக்வாட்ச் என்னும் கட்டற்ற கருவியின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

லாக்வாட்ச் பெர்ல் மொழியில் அமைந்தது. பதிவுக்கோப்புகளைப் படித்துச் சுருக்க அறிக்கையை நிர்வாகிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வல்லது. இதில் புதிய சேவையைச் சேர்க்க மூன்று கோப்புகள் தேவை: படிக்கவேண்டிய பதிவுக்கோப்புகளைச் சுட்டும் அமைவுக்கோப்பு, சேவையின் தலைப்பையும் வடிகட்டிகளையும் கூறும் அமைவுக்கோப்பு, வரிகளை உள்ளீடாகப் பெற்று அறிக்கையை வெளியிடும் நிரல். இவற்றைக் கருவியின் மூலக் கோப்புறையில் இடாமல் ‘இடிசி’ கோப்புறையில் இடுவதே முறை. இல்லையேல் அடுத்த மேம்படுத்தலில் அழிந்துபோகலாம்.

நிரலின் உள்ளேதான் சிக்கல் தொடங்குகிறது. விழுக்காட்டுக் குறிகளை நீக்கினால் கிடைப்பவை பைட்டுகளேயன்றி எழுத்துகள் அல்ல. யூடிஎஃப்-8 எனக் கொண்டு அவற்றை மாற்றும் இரண்டாம் படியை விட்டுவிட்டால் பெர்ல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகவே கருதும். சொற்பிரிப்பில் மொழிக்கு மொழி வேறுபாடும் உண்டு. சொல்லெழுத்தைக் குறிக்கும் பெர்லின் சுருங்குறி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஏற்கிறது. பைத்தானின் இயல்பான சுருங்குறித் தொகுதி ஏற்பதில்லை. அதில் ‘கீழடி’ என்பது ‘க’, ‘ழட’ என இரண்டாக உடைகிறது. கீழடியை எத்தனை பேர் தேடியிருந்தாலும் அறிக்கையில் அப்பெயர் இராது. ஒகரக்குறி மற்றொரு இடர். ‘பொற்றாமரை’யின் முதலெழுத்தில் அக்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக்குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, எண்ணிக்கையோ பிரிந்துவிடும். எண்ணுமுன் யூனிகோடு இயல்பாக்கம் செய்வது இதற்குத் தீர்வு.

எவ்வடிவத்துக்கும் பொருந்தாத வரிகளைத் தனித்தலைப்பில் அப்படியே அச்சிடுவது லாக்வாட்ச் நிரல்களின் மரபு. அறிக்கை நீள்கிறதென்று அப்பகுதியை நீக்குவது எளிது. ஆய்வு நோக்கில் அது பெரும் பிழை. டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் வந்த கோரிக்கைகள் யூடிஎஃப்-8 ஆக மாறாமல் அங்குதான் வந்து சேரும். அவற்றை மறைத்துவிட்டால் எவரும் தேடவில்லை என்பதற்கும் நிரலுக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதற்கும் வேறுபாடு காண இயலாது.

தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரை முகவரிகள் தமிழ்த் தலைப்புகளையே கொண்டவை; அங்கு மேற்கண்ட முறை நேராகப் பொருந்தும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமோ தன் கோப்புகளுக்கு இலத்தீன் எழுத்தும் வரிசை எண்ணும் கொண்ட பெயர்களை இட்டுள்ளது. அத்தகைய தளத்தின் பதிவுக்கோப்புக்குச் செருகுநிரல் எழுதுவோர் எண்ணை நூற்பெயரோடு இணைக்கும் அட்டவணையை முதலில் உருவாக்கவேண்டும்.