இரண்டாவது இயங்குதளம் எங்கே போயிற்று?

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்ளலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற பல கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. கணினியை இயக்கியதும் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு நாள் அந்தப் பட்டியலையே காணோம்! கணினி நேராக விண்டோஸுக்குள் போய்விடுகிறது. லினக்ஸில் நீங்கள் எழுதி வைத்த நிரல்களும், அறிவியல் கண்காட்சிக்கான கட்டுரையும் என்னவாயின? "எல்லாம் அழிந்துவிட்டது, புதிதாகவே நிறுவிவிடலாம்" என்று யாராவது சொன்னால் சற்றுப் பொறுங்கள். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. அவசரப்பட்டு மீண்டும் நிறுவினால்தான் அழியும். ஏன் என்று பார்ப்போமா?

தொடர் ஓட்டம்

கணினி விழித்தெழுவது ஒரு தொடர் ஓட்டப் பந்தயம் போன்றது. மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது, தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஒரு நிரல். பழைய கணினிகளில் இதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. இது வட்டில் உள்ள 'ஏற்றி' என்னும் சிறு நிரலிடம் கோலைக் கொடுக்கிறது. லினக்ஸின் ஏற்றிக்கு க்ரப் என்று பெயர். நீங்கள் பார்க்கும் பட்டியலைக் காட்டுவது இதுதான். கடைசியாகக் கோலைப் பெறுவது இயங்குதளம்.

நடுவில் ஓடுபவர் வராவிட்டால் என்ன ஆகும்? கடைசி வீரர் தம் இடத்திலேயே காத்து நிற்பார். உங்கள் லினக்ஸின் நிலையும் அதுதான்.

கோல் எங்கே விழுந்தது?

பயாஸ் முறையில், வட்டின் முதல் 512 பைட்டுகளே தொடக்கம். இதில் 446 பைட்டுகள் ஏற்றி நிரலுக்கு. 64 பைட்டுகள் வட்டுப் பிரிவுகளின் அட்டவணைக்கு. மீதி 2 பைட்டுகள் அடையாளத்துக்கு. லினக்ஸ் இருக்கும் கணினியில் பிறகு விண்டோஸை நிறுவினால், அது அந்த 446 பைட்டுகளில் தன் நிரலை எழுதிவிடுகிறது. க்ரப்பின் முதற்பகுதி போய்விடும். லினக்ஸ் இருக்கும் பிரிவு அப்படியே இருக்கும்.

யூ.இ.எஃப்.ஐ. முறையில் இந்தச் சண்டை இல்லை. இதற்கென உள்ள சிறு பிரிவில் ஒவ்வோர் ஏற்றிக்கும் தனி அடைவு உண்டு. எதை முதலில் அழைப்பது என்னும் வரிசை மட்டும் தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கிறது. சில சமயம் விண்டோஸின் புதுப்பிப்புக்குப் பின் இந்த வரிசை மாறிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கணினியை இயக்கியவுடன் எஃப் 2, எஃப் 12, எஸ்கேப், டெலிட் ஆகியவற்றுள் உங்கள் கணினிக்கு உரிய விசையை அழுத்தித் தொடக்க வரிசையைப் பாருங்கள். லினக்ஸின் பெயர் அங்கே இருந்தால் அதை முதலிடத்துக்கு ஏற்றுங்கள். பல நேரங்களில் இதுவே போதும்.

2. பெயர் இல்லையா? லினக்ஸ் பதிந்த பென் டிரைவிலிருந்து, நிறுவாமலே, கணினியைத் தொடங்குங்கள். உங்கள் பிரிவைத் திறந்து பாருங்கள். கோப்புகள் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அவற்றை உடனே வேறொன்றில் படி எடுத்து வையுங்கள்.

3. இரண்டு இயங்குதளங்களும் ஒரே முறையில் நிறுவப்பட்டனவா என்று பாருங்கள். ஒன்று பயாஸ் முறையிலும் மற்றது யூ.இ.எஃப்.ஐ. முறையிலும் இருந்தால், ஒன்றின் ஏற்றியால் மற்றதைத் தொடங்க இயலாது.

4. பிறகு, விவரம் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு க்ரப்பை மட்டும் மீண்டும் நிறுவுங்கள். முழு லினக்ஸையும் நிறுவத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை: விண்டோஸ் வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் தொடக்க அமைப்புகளை மாற்றும் முன் அதன் 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் குறித்து வையுங்கள். அது இல்லாவிட்டால் விண்டோஸில் உள்ள கோப்புகளைத் திறக்க முடியாமல் போகலாம்!

அடுத்த முறை கணினியை இயக்கும்போது, திரையில் முதலில் எது தோன்றுகிறது, அடுத்து எது என்று கவனித்துப் பாருங்கள். கோல் கைமாறும் இடங்களைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு, அது தவறி விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பதும் எளிதல்லவா?