உங்களுக்குத் தெரியுமா? மாட்டுக் கம்மலும் மணிச் சத்தமும்

கரிசல்காட்டுக் குருவிகுளம் பக்கம் மாட்டின் காதில் தொங்குகிற மஞ்சள் வில்லையில் ஜி.பி.எஸ். இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் பேட்டரியும் கிடையாது, சிம்மும் கிடையாது. இருப்பது 12 இலக்க எண். கணினியில் அதைத் தட்டினால் கோமாரித் தடுப்பூசி, சினை ஊசி விவரமெல்லாம் வரும். மாடு எந்தப் புஞ்சையில் நிற்கிறது என்பதை மேய்க்கிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்காமலே அதைச் சொல்வது ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைப் பிடித்து, மாடு நிற்கும் இடத்தைப் போனுக்கு அனுப்பிவிடும்.

நார்வேக்காரர்களின் 'நோஃபென்ஸ்' பட்டைக்கு முள்வேலியே வேண்டாம். போனில் விரலால் கோடு போட்டால் அதுதான் வேலி. மாடு கோட்டை நெருங்கினால் பட்டை ஒலிக்கும். சுருதி ஏறிக்கொண்டே போகும். மீறினால் லேசான ஷாக். சில நாளில் சத்தம் கேட்டதுமே திரும்பிவிடப் பழகிக்கொள்ளும். இந்த வாரம் கீழப்புஞ்சை, அடுத்த வாரம் மேலப்புஞ்சை என்று கோட்டை மாற்றிப் போட்டால், மேய்ந்த இடத்தில் புல் மறுபடி தழைக்கும். ஒரே இடத்தில் விட்டுவைத்தால் ருசியான புல்லையே திரும்பத் திரும்பக் கரம்பி, கடைசியில் வாய் வைக்காத செடிதான் காடு முழுக்க மிஞ்சும்.

ராத்திரிக்கு ராத்திரி பட்டியை நகர்த்தி, புஞ்சை முழுக்கப் புழுக்கை விழ வைக்கிற ஆட்டுக்கிடைக்காரர் கணக்கும் ஏறத்தாழ இதேதான். அவர் போன் இல்லாமல் செய்கிறார்.

மழை பொய்த்து வாடிய இளஞ்சோளப் பயிரில் சயனைடு விஷம் ஏறியிருக்கும். வயிறார மேய்ந்த மாடு கொஞ்ச நேரத்தில் சாய்ந்துவிடும். கரிசல்காட்டில் போன் வேலியின் முதல் கோட்டை அங்கேதான் போட வேண்டும்!

வெள்ளாமையில் மாடு இறங்குகிற தகராறுக்கென்றே வெள்ளைக்காரர்கள் 1871-இல் கால்நடை அத்துமீறல் சட்டம் கொண்டுவந்தார்கள். பிடிபட்ட மாட்டைப் பவுண்டு என்கிற கொட்டடியில் அடைத்ததும், அபராதம் கட்டி மீட்டதும் அந்தச் சட்டப்படிதான். இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலும் வெள்ளாமையில் ஆடு மேய்ந்துவிட்ட வழக்குதான்.

சில கழுத்துப்பட்டைகளில் அசைவை அளக்கும் கருவியும் உண்டு. மாடு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் மேயும். கிட்டத்தட்ட அதே அளவு அசைபோடும். அசைபோடுவது சட்டென்று குறைந்தால் உடம்புக்கு முடியவில்லை, அல்லது பருவத்துக்கு வந்திருக்கிறது என்று போனில் தகவல் வரும்.

கழுத்து மணிக்கு சார்ஜ் வேண்டாம். விட்டுவிட்டுக் கேட்டால் மேய்கிறது. நின்றுபோனால் நிழலில் படுத்துவிட்டது. கலகலவென்று ஒரே ஓட்டமாகக் கேட்டால், கம்பை எடுத்துக்கொண்டு ஓடுங்கள், நாய் விரட்டுகிறது.